இரணைமடுவுக்குக் கீழே காடு வெட்டியவர்கள் யார்? கிளிநொச்சிக் குடியேற்றம் பற்றிய இழை

கனகராயன் எழுதியது:

கிளிநொச்சி என்றால் இப்போது எல்லோருக்கும் 1990களுக்குப் பிந்தைய கதைதான் ஞாபகம் வருகிறது. அதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்று தேடினால் திரும்பத் திரும்ப ஒரே தகவல்தான் கிடைக்கும்: யாழ்ப்பாணத்துச் சனநெருக்கத்தையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் குறைக்க 1936இல் தொடங்கிய குடியேற்றம். அவ்வளவுதான். யார் வந்தார்கள், எப்படிப் பிழைத்தார்கள், யார் விட்டுவிட்டு ஓடினார்கள் என்று ஒன்றும் இல்லை.

எனக்குத் தெரிந்ததை முதலில் வைக்கிறேன். அங்கே குளம்தான் முதலில் வந்தது, ஆட்கள் பிறகுதான். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. இடையில் 1905இல் காங்கேசன்துறை வரை ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. தண்ணீரும் ரயிலும் இருந்தும், குடியேற்றம் என்று ஒன்று ஒழுங்காக எழும்ப 1930களின் நடுப்பகுதி வரை ஆனது. குளம் கட்டி முடித்து பதினைந்து வருடத்துக்கு மேல் அந்த வயல் நிலத்தின் பெரும்பகுதி காடாகவே கிடந்திருக்கிறது. ஏன்?

வீட்டில் பெரியவர்கள் சொன்னது, பழைய காகிதம், படம் எது இருந்தாலும் எழுதுங்கள். குறிப்பாக ஒரு கேள்வி: முதலில் காடு வெட்டியவர்கள் யார்?

அலம்பல்வேலி எழுதியது:

என் அப்பப்பா அந்த முதல் தொகுதிகளில் ஒருவர். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம். அவருக்கு அங்கே சொந்தமாக இருந்தது பரப்புக் கணக்கில் (யாழ்ப்பாணத்துச் சிறு நில அளவு) கொஞ்சம் கல்லு நிலம், அதையும் ஐந்து சகோதரர்கள் பங்குபோட வேண்டும். காணிக் கச்சேரி நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போயிருக்கிறார். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: கச்சேரி என்றால் இங்கே அரசாங்க அலுவலகம். அரசாங்க அதிபர் அல்லது அவருடைய ஆள் இருந்து, யாருக்குக் காணி கொடுக்கலாம் என்று விசாரித்து முடிவு செய்யும் நாள்தான் காணிக் கச்சேரி.) காணி இல்லாதவர், பிள்ளைகள் கூடியவர், கமம் தெரிந்தவர் என்பதுதான் தகுதி. உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொன்னார்களாம். காய்ப்பு இருக்கிறதா என்று பார்க்க. இவருக்கு இருந்தது. கூடப் போன ஒரு கடைக்காரருக்கு இல்லை, அவர் திரும்பி வந்துவிட்டார்.

காடு வெட்டியதைப் பற்றி அவர் சொல்லும் முறை எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. முதலில் கீழ்க்காடு, அதாவது பற்றை, கொடி, முள்ளு எல்லாம் கத்தியால் வெட்டிச் சாய்ப்பது. பிறகு கோடரி. பாலை மரமும் முதிரையும் கோடரி வாயை மழுக்கிவிடும், அதனால் பெரிய மரங்களைச் சுற்றிவரப் பட்டை உரித்து நின்ற நிலையிலேயே சாக விடுவார்கள். ஆடி, ஆவணி வெயிலில் எல்லாம் காய்ந்ததும் காற்றுப் பார்த்து நெருப்பு வைப்பது. எரிந்து முடிந்ததும் நிலம் வெளிக்கும், ஆனால் கட்டைகள் அப்படியே நிற்கும். முதல் மழைக்கு முன் அந்தக் கட்டைகளுக்கு இடையில்தான் விதைப்பு. மாடு பூட்டி உழ முடியாது, ஏரின் கொழு உடைந்துவிடும். மண்வெட்டியால் கொத்தி விதைத்தார்கள். கட்டை கிளறி எடுத்து, வரம்பு போட்டு, வயல் என்று சொல்லக்கூடிய ஒன்று வரச் சில வருடம் பிடித்தது என்பார்.

வீடு என்று ஒன்றும் கிடையாது. கொட்டில். சுற்றிவர அலம்பல் வேலி, முள்ளுக் கொப்புகளை அடுக்கி நெருக்கிக் கட்டுவது. பன்றியை அது மறிக்கும். அலியன் யானையை எது மறிக்கும்? மரத்தில் பரண் கட்டி, தகரம் தட்டி, தீப்பந்தம் காட்டி இரவு முழுக்க முழிப்பு.

தஞ்சைக்காரன் எழுதியது:

நல்ல இழை. எனக்கு ஒரு சந்தேகம். இது எங்கள் ஊரில் நிலமற்றவர்களுக்குக் கொடுக்கும் ஒப்படைப் பட்டா போன்றதா? விற்க முடியுமா?

காணிக்கந்தோர் எழுதியது:

கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் இன்னும் இறுக்கமானது. நான் காணிப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1927இல் ஒரு காணி ஆணைக்குழு அமைத்தார்கள். அரசாங்கக் காணியை ஏலம் போட்டுக் காசுள்ளவனுக்கு விற்பதை விட்டு, சிறு கமக்காரனுக்கென ஒதுக்கவேண்டும் என்பது அதன் சாரம். அதைத் தழுவித்தான் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அப்போது விவசாய, காணி அமைச்சர் டி. எஸ். சேனநாயக்க. தீவு முழுக்க உலர்வலயக் குடியேற்றங்கள் எல்லாம் இந்தச் சட்டத்தின் கீழ்தான். மின்னேரியாவில் சிங்களக் குடிகளுக்குப் பொருந்திய அதே சட்டம்தான் கிளிநொச்சியில் தமிழ்க் குடிகளுக்கும்.

முதலில் கையில் கிடைப்பது அனுமதிப் பத்திரம். நாங்கள் 'பெர்மிட்' என்போம். வருடாவருடம் சிறு தொகை கட்டவேண்டும். காணி அரசாங்கத்தினுடையதுதான், நீங்கள் அனுபவிக்கலாம். அனுமதி இல்லாமல் விற்க முடியாது, துண்டு போட முடியாது, தனியாரிடம் ஈடு வைக்க முடியாது. கடனில் மூழ்கிக் காணி கைமாறிப் போய்விடக்கூடாது என்பதுதான் நோக்கம். நோக்கம் நல்லது. விளைவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அளவு: ஆரம்பத்தில் பொதுவாக 5 ஏக்கர் வயல், 3 ஏக்கர் மேட்டுக்காணி. 1950களில் அது 3 ஏக்கர் வயல், 2 ஏக்கர் மேடு என்று குறைந்தது. பிறகு இன்னும் குறைந்தது. முன்னால் வந்தவனுக்குப் பெரிய துண்டு, பின்னால் வந்தவனுக்குச் சின்னத் துண்டு. வட்டக்கச்சிப் பக்கத்தில் இதைப் பற்றி இப்போதும் புறுபுறுப்புக் கேட்கலாம்.

சித்தமருந்து எழுதியது:

கனகராயன் கேட்ட 'ஏன்' என்பதற்குப் பதில் ஒரே சொல்: மலேரியா.

1934-35இல் இலங்கை முழுக்க ஒரு பெரும் மலேரியாக் கொள்ளைநோய் வந்து ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். ஆனால் அது கேகாலை, குருநாகல் போன்ற இடங்களையே பெரிதாக அடித்தது. ஏனென்றால் அங்குள்ளவர்களுக்கு அந்தக் காய்ச்சல் பழக்கமில்லை. கிளிநொச்சி இருக்கும் வன்னியில் நிலைமை வேறு. அங்கே அது ஒரு வருடத்துக் கொள்ளைநோய் அல்ல, வருடா வருடம் வருவது. பழைய வன்னிக் கிராமங்களில் பிள்ளைகளின் வயிறு மண்ணீரல் வீங்கித் தள்ளிக்கொண்டு நிற்கும். அந்தக் காய்ச்சலை சிறுவயதில் தப்பியவர்கள் ஓரளவு தாங்குவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாகப் போனவன் தாங்கமாட்டான். முதல் மாரியிலேயே குலைப்பன் காய்ச்சல் பிடித்து, கொயினாவை விழுங்கிக் காது இரைந்து, ஊருக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். 'வன்னிக்குப் பெண் கொடுப்பதா' என்று யாழ்ப்பாணத்தில் கேட்டதில் பெருமை பாதி, பயம் பாதி.

ஆண் மட்டும் போய் விதைத்துவிட்டு ஊருக்கு வருவதும், அறுவடைக்குத் திரும்பிப் போவதுமாகத்தான் அநேகர் இருந்தார்கள். குடும்பத்தோடு குந்தியது 1945க்குப் பிறகு, டி.டி.டி. தெளிக்கத் தொடங்கிய பிறகுதான். ஓரிரு வருடத்தில் காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. என்னைக் கேட்டால் கிளிநொச்சி 1936இல் பிறக்கவில்லை, சுவருக்கு டி.டி.டி. அடித்த அன்றைக்குத்தான் பிறந்தது.

அலம்பல்வேலி எழுதியது:

அது கொஞ்சம் அதிகம், ஐயா. டி.டி.டி.க்கு முன்னால் பத்து வருடம் காய்ச்சலோடு கிடந்து காட்டை வெளியாக்கியவர்கள் இல்லாவிட்டால், மருந்து அடிக்கச் சுவர் ஏது?

சித்தமருந்து எழுதியது:

சரி, சுவர் அவர்களுடையது. கொட்டிலுக்குச் சுவர் இருந்ததா என்பது வேறு விஷயம்.

செத்தல்மிளகாய் எழுதியது:

எல்லோரும் நெல்லையே பேசுகிறீர்கள். என் அப்பா வந்தது அடுத்த அலையில், விசுவமடுவுக்கு. 1960களின் கடைசியில் படித்த வாலிபர்களுக்கென்று முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற இடங்களில் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கினார்கள். எஸ்.எஸ்.சி. பள்ளிப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு வேலை கிடைக்காமல் சந்தியில் நின்ற பெடியள். மண்வெட்டி பிடித்த கைகள் இல்லை, பேனை பிடித்த கைகள். அவர்களைக் காணிக் கச்சேரியில் உள்ளங்கை பார்த்து எடுத்திருந்தால் ஒருத்தரும் தேறியிருக்க மாட்டார்கள்.

ஆனால் நேரம் அவர்கள் பக்கம் இருந்தது. 1970இல் சிறிமாவோ அரசாங்கம் வந்ததும் வெளிநாட்டிலிருந்து மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அரிசிக்கு வரிசை, பாணுக்கு வரிசை என்று மற்றவர்களுக்கு அது கஷ்ட காலம். கமக்காரனுக்கு அது பொற்காலம். செத்தல் மிளகாயின் விலை ஏறிய ஏற்றத்தில் கொட்டிலில் இருந்தவன் கல்வீடு கட்டினான், சைக்கிள் வைத்திருந்தவன் மோட்டார் சைக்கிள் வாங்கினான், பிறகு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் வாங்கினான். வன்னிக்குப் பெண் கொடுக்காத யாழ்ப்பாணம் விசுவமடுப் பெடியனுக்குச் சீதனத்தோடு பெண் கொடுத்ததும் அப்போதுதான்.

மிளகாய் இலேசான பயிர் இல்லை. மேடையில் நாற்றுப் போட்டு, நட்டு, பாத்தி கட்டி, கிணற்றிலிருந்து மண்ணெண்ணெய் மோட்டரால் இறைக்க வேண்டும். இலை சுருண்டால் தோட்டம் முழுக்கப் போய்விடும். பழம் ஒரே நாளில் பழுக்காது, கிழமைக்கொரு தடவை, பத்து நாளைக்கு ஒரு தடவை என்று ஆய்ந்துகொண்டே இருக்கவேண்டும். ஆய்ந்த பழத்தை ஓர் இரவு குவித்து மூடிவைத்தால் நிறம் ஒத்துவரும். பிறகு படங்கில் பரப்பி வெயிலில் காயப்போடுவது. மழை இருண்டால் வீட்டில் இருக்கும் எல்லோரும் ஓடவேண்டும், படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையும்தான். நாலு பங்கு பழம் காய்ந்தால் ஒரு பங்கு செத்தல். அந்தக் காரம் கையில் ஏறினால் சவர்க்காரம் போட்டாலும் போகாது. எங்கள் அம்மா தம்பிக்குப் பால் கொடுக்கும் முன் கையைத் தேங்காய் எண்ணெயில் தேய்த்துக் கழுவுவார்.

1977இல் அரசாங்கம் மாறியது. திறந்த பொருளாதாரம். கப்பலில் மிளகாய் வந்து கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் இறங்கியது. எங்கள் செத்தலை லொறிக்காரன் வாயிலில் வந்து அந்தர் எடைக் கணக்கில் கேட்ட காலம் போய், நாங்கள் அவன் வாசலில் நின்றோம். வங்கிக் கடன் எடுத்து மோட்டர் வாங்கியவர்கள் பட்டபாடு சொல்லி முடியாது. அந்தப் பெடியளில் பாதிப் பேர் மறுபடி சந்தியில். அடுத்து வந்த பத்து வருடத்தில் அந்தச் சந்தியில் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை இந்த இழையில் இழுக்கவில்லை.

ஹட்டன்பிள்ளை எழுதியது:

மேலே எழுதிய எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு கேள்வி. அந்த மிளகாயை ஆய்ந்தது யார்?

செத்தல்மிளகாய் அண்ணை, உங்கள் அம்மா ஆய்ந்திருப்பார், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று ஏக்கர் மிளகாயை ஒரு குடும்பம் ஆய முடியாது. என் அம்மம்மாவின் குடும்பம் தோட்டத்திலிருந்து, தேயிலைத் தோட்டத்தைச் சொல்கிறேன், 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு வந்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு இன்னும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள், 1983க்குப் பிறகும் வந்தார்கள். வெட்டிய காட்டுக்குள் கட்டை கிளறியது, கிணறு தோண்டியது, புல்லுப் பிடுங்கியது, மிளகாய் ஆய்ந்தது, சூடடித்தது எல்லாம் நாங்கள்தான். தருமபுரம் பக்கம் போய்க் கேளுங்கள். கூலியும், முதலாளியின் காணி மூலையில் ஒரு கொட்டில் போட இடமும் கிடைத்தது. அந்தக் கொட்டிலும் 'போ' என்று சொன்னால் போகவேண்டிய கொட்டில்.

இந்த இழையின் கேள்வி 'முதலில் காடு வெட்டியவர்கள் யார்' என்பது. பெர்மிட்டில் பெயர் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் பதில் ஒன்று. கோடரி பிடித்தவர்களை எண்ணினால் வேறு.

அலம்பல்வேலி எழுதியது:

தம்பி, உங்கள் ஆதங்கம் விளங்குகிறது. ஆனால் 1936இல் வந்தவர்களையும் 1970களில் முதலாளி ஆனவர்களையும் ஒரே சாக்கில் போடாதீர்கள். என் அப்பப்பாவுக்குக் கூலிக்கு ஆள் பிடிக்க வக்கில்லை. அவரும் அப்பம்மாவும் அவருடைய தம்பியும்தான் வெட்டினார்கள். அந்தத் தம்பி காய்ச்சலில் அங்கேயே செத்தார்.

ஹட்டன்பிள்ளை எழுதியது:

உங்கள் அப்பப்பாவை நான் குறை சொல்லவில்லை, அண்ணை. அவர் காய்ச்சலோடு வெட்டினார், கடைசியில் காணி அவருக்கு. என் தாத்தாவும் காய்ச்சலோடு வெட்டினார், காணி இன்னொருவருக்கு. நான் கேட்பது அந்த வித்தியாசத்தைத்தான்.

காணிக்கந்தோர் எழுதியது:

அந்த வித்தியாசம் சட்டத்திலேயே இருந்தது. 1935 சட்டத்தின் கீழ் காணி 'இலங்கையருக்கு' மட்டும்தான். அதற்குக் கொடுத்த விளக்கம் இந்திய வம்சாவளியினரை, அதாவது மலையகத் தோட்ட மக்களை, வெளியே நிறுத்தும்படி அமைந்திருந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு அந்தக் கதவு முற்றாக அடைபட்டது. வாக்கு இல்லை, பிரசை இல்லை, ஆகவே பெர்மிட்டும் இல்லை. தருமபுரத்தில் எவ்வளவு காலம் இருந்தாலும் அரசாங்கக் கணக்கில் அவர்கள் 'அத்துமீறிக் குடியிருப்போர்'. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்த நாடற்றோர் பிரச்சினை கடைசியாகத் தீர்ந்தது. அதற்குள் நல்ல மண்ணும் நல்ல வாய்க்காலும் பங்கு போட்டு முடிந்துவிட்டன.

காந்தியம் அமைப்பை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1970களின் நடுப்பகுதியில் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் டொக்டர் இராஜசுந்தரமும் தொடங்கியது. வவுனியாவைத் தளமாக வைத்து, மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களை வன்னியின் எல்லையோரக் காணிகளில் குடியிருத்திப் பண்ணைகள் நடத்தினார்கள். 1983இல் இருவரையும் கைது செய்தார்கள். இராஜசுந்தரம் அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். மலையக மக்களைக் கூலியாக அல்லாமல் குடியாக நினைத்து வன்னியில் யாராவது முயன்றார்கள் என்றால், எனக்குத் தெரிந்தவரை அவர்கள்தான் முன்னோடி.

தஞ்சைக்காரன் எழுதியது:

பெர்மிட் வைத்திருந்தவர் இறந்தால்? பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது என்றீர்களே.

வடக்குவேலி எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், அனுபவம் எனக்குத்தான்.

பொதுவாக ஒரு காணிக்கு ஒரே ஒரு பின்னுரித்தாளி, அதாவது பெர்மிட்காரருக்குப் பிறகு காணியைப் பெறுபவர். பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்போது பெயர் குறித்து வைத்தால் அவருக்கு. குறிக்காமல் செத்தால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி. அந்த அட்டவணையில் அன்று மகன் முதல், மகள் பிறகு. மகன்களிலும் மூத்தவன் முன்னால். யாழ்ப்பாணத்தில் வீடும் காணியும் சீதனமாகப் பெண்ணுக்குப் போகிற சமூகம் நாங்கள். பரம்பரையாக அப்படி. அந்தச் சமூகம் வன்னிக்கு வந்து இந்தச் சட்டத்துக்குக் கீழே இருந்ததும், எங்கள் வீடுகளில் காணி ஒரேயடியாக ஆண்பிள்ளை பக்கம் சாய்ந்தது. மனைவி உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கலாம், ஆனால் மறுமணம் செய்தால் அந்த உரிமை போய்விடும். போருக்குப் பிறகு வன்னியில் எத்தனை பெண்கள் தனியே குடும்பம் நடத்துகிறார்கள் என்று தெரியுமல்லவா? அவர்கள் தலையில் விழுந்தது இந்தப் பிரிவுதான். 2022இல்தான் ஆண், பெண் வித்தியாசத்தை எடுத்துத் திருத்தம் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் செத்தவர்களின் காணிகளில் முடிச்சு முடிச்சாகத்தான் கிடக்கிறது.

என்னுடைய கதை: அப்பா செத்தபோது அண்ணன் வெளிநாட்டில். பெயர் குறிக்கவில்லை. அம்மாவைப் பார்த்ததும் வயலைச் செய்ததும் நான். பெயர் மாற்றப் போனபோது அலுவலகத்தில் ஒருவர் கேட்டார், "ஆம்பிளைப் பிள்ளை ஒருத்தரும் இல்லையா?" இருக்கிறார், ஆனால் அவருக்கு நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் மறந்து இருபது வருடம் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அண்ணன் அங்கிருந்து கடிதம் எழுதிக் கொடுத்து, அதை அத்தாட்சிப்படுத்தி, அதில் பிழை என்று திருப்பி அனுப்பி... விடுங்கள்.

காணிக்கந்தோர் எழுதியது:

வடக்குவேலி சொன்னது சரி. நான் மேலே 'விளைவைப் பற்றிப் பிறகு' என்றது இதைத்தான். பிரிக்க முடியாத காணியை நாலு பிள்ளைகள் வாயால் பிரித்துக்கொள்வார்கள். கடதாசியில் ஒருவர், வயலில் நாலு பேர். குத்தகைக்கும் அப்படித்தான் கொடுப்பார்கள். எங்கள் பதிவேட்டையும் வயலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் இரண்டு ஊர் போல இருக்கும்.

துலாமிதி எழுதியது:

கொஞ்சம் தண்ணீரைப் பற்றியும் பேசுவோம். காணி இருந்தாலும் தண்ணீர் வராவிட்டால் காடுதான்.

இரணைமடு கட்டி முடித்தபோது கொள்ளளவு ஏறத்தாழ 40,000 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி). 1940களின் கடைசியிலிருந்து கட்டம் கட்டமாக அணையை உயர்த்தினார்கள். 1970களின் வேலை முடிந்தபோது அது 100,000 ஏக்கர் அடியைத் தாண்டிவிட்டது. இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களுக்குக் கீழே இப்போது ஏறத்தாழ 21,000 ஏக்கர். காலபோகத்துக்கு, அதாவது மாரிகாலப் பயிருக்கு, பிரச்சினை இல்லை, மாரி மழையே பெரும்பாலும் போதும். சண்டை முழுக்கக் கோடைப் பயிரான சிறுபோகத்துக்குத்தான். சித்திரைக்குள் குளத்தில் நிற்கிற தண்ணீரை அளந்து, இவ்வளவு ஏக்கர்தான் செய்யலாம் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். எல்லோருக்கும் முழுக் காணிக்கும் தண்ணீர் கிடையாது. பங்கு போட்டு, இந்த வருடம் இந்த வாய்க்காலில் இத்தனை ஏக்கர் என்று கொடுப்பார்கள். உங்கள் காணி அந்தப் பகுதியில் இல்லை என்றால், பக்கத்து வாய்க்காலில் இன்னொருவருடைய காணியில் உங்கள் பங்கைச் செய்யவேண்டும். வெளியாருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம், ஆனால் அந்த முறை ஓடுகிறது.

முந்தி இதெல்லாம் வட்டவிதானையார் கையில். தண்ணீர் திறப்பது, வாய்க்கால் துப்புரவு, கட்டாக்காலி மாட்டுக்குத் தண்டம், எல்லாம் அவர்தான். சம்பளம் நெல்லாகக் கிடைக்கும். 1958 நெற்காணிச் சட்டத்தோடு அந்தப் பதவி போய், கமக்காரர் குழுக்கள் வந்தன. எது நல்லது என்று கேட்டால், வட்டவிதானையார் ஒருவரைச் சரிக்கட்டினால் போதும் என்று பழசுகள் சொல்லும்.

கோண்டாவிலான் எழுதியது:

அவ்வளவு தண்ணீர் இருந்தும் யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கத் தரமாட்டோம் என்றீர்களே? யாழ்ப்பாணத்துக் கிணறுகள் உப்பும் நைத்திரேற்றுமாகக் கிடக்கின்றன. கிளிநொச்சியில் குடியேறியவர்கள் எல்லாம் யாழ்ப்பாணத்து ஆட்கள்தானே!

துலாமிதி எழுதியது:

வரும் என்று தெரியும்.

ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குழாய் போடும் திட்டம் வந்தபோது கமக்காரர் எதிர்த்தது உண்மை. குடிக்கத் தரமாட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சிறுபோகத்தில் தங்களுக்கே பாதிக் காணிக்குத் தண்ணீர் இல்லாத குளத்திலிருந்து எடுத்தால், வறட்சி வருடத்தில் யாருக்கு முதலில் பூட்டுவீர்கள் என்று கேட்டார்கள். எழுத்தில் தெளிவான பதில் கிடைக்கவில்லை. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டினார்கள்.

'யாழ்ப்பாணத்து ஆட்கள்தானே' என்ற வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கு இடமில்லை என்று அனுப்பிவைத்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம், தேவை வந்ததும் உறவு சொல்லி வருவது போல இருக்கிறது.

கோண்டாவிலான் எழுதியது:

யாரும் யாரையும் அனுப்பவில்லை. காணி கிடைக்கிறது என்று போனார்கள்.

அலம்பல்வேலி எழுதியது:

இரண்டும்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் காணி இல்லாதவன் யார் என்று பார்த்தால் அதிலும் ஒரு கணக்கு உண்டு. அங்கே கோயிலுக்குள் விடாத, ஊர்க் கிணற்றில் அள்ள விடாத காலம் அது. அந்த மக்களில் ஒரு பகுதியினருக்கு முதன்முதலாகத் தங்கள் பெயரில் காணி கிடைத்தது இந்தத் திட்டங்களில்தான். வாய்க்கால் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே தண்ணீர். அதற்காகச் சாதி ஒழிந்தது என்று சொல்லவில்லை. யாருடைய காணிக்குப் பக்கத்தில் யார், கோயிலில் எந்தத் திருவிழா யாருக்கு என்பதெல்லாம் பின்னாலேயே வந்து சேர்ந்தது. ஆனால் 5 ஏக்கர் வயல் வைத்திருப்பவனை 'டேய்' என்று கூப்பிடக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

நெறியாளர்:

கோண்டாவிலான், துலாமிதி: தண்ணீர்த் திட்டத்துக்குத் தனி இழை இருக்கிறது. மிச்சத்தை அங்கே அடிபடுங்கள். சாதி பற்றிய தகவல்கள் இருக்கட்டும், வசைகள் வேண்டாம்.

செத்தல்மிளகாய் எழுதியது:

நெறியாளருக்கு நன்றி. ஒரு விஷயம் விட்டுப்போனது. இந்தக் காணிகள் ஒரு தடவை மட்டும் வெட்டப்பட்டவை அல்ல. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமானது. 1996இல் இராணுவம் நகரத்தைப் பிடித்ததும் சனம் உள்ளே ஓடியது. 1998இல் அது மறுபடி புலிகளின் கைக்கு மாறியது. 2009 ஜனவரியில் கடைசி இடப்பெயர்வு. மெனிக் பார்ம் அகதி முகாம்களிலிருந்து 2009 கடைசியிலும் 2010இலும் திரும்பி வந்து பார்த்தால் வயலில் ஆள் உயரத்துக்குப் பற்றை, வரம்பு தெரியவில்லை, கிணற்றுக்குள் என்னென்னவோ. கண்ணிவெடி எடுத்து முடித்தோம் என்று சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள். தறப்பாளின் கீழே இருந்துகொண்டு எங்கள் அப்பா, எழுபதைத் தாண்டிய வயதில், மறுபடி கீழ்க்காடு வெட்டினார். வேறு யாருக்கும் எல்லை தெரியாது. வடகிழக்கு மூலையில் நின்ற முதிரை மரத்தின் அடிக்கட்டையை வைத்துத்தான் அளந்தோம்.

பெர்மிட் எங்கோ தொலைந்துவிட்டது. பக்கத்துக் காணிக்காரரும் நாங்களும் ஒருவருக்கொருவர் சாட்சி.

ஹட்டன்பிள்ளை எழுதியது:

உங்களுக்குத் தொலைய ஒரு பெர்மிட் இருந்தது அண்ணை. பகிடிக்குச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். எங்களையும் அதே மெனிக் பார்மிலிருந்துதான் அதே பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். இறங்கியதும் நீங்கள் 'காணி' என்று காட்ட ஒரு இடம் இருந்தது. வீட்டுத்திட்டம் வந்தபோதும் முதலில் கேட்டது காணி யார் பெயரில் என்றுதான்.

செத்தல்மிளகாய் எழுதியது:

கோபமில்லை தம்பி. எங்கள் தோட்டத்தில் நின்று வேலை செய்த குடும்பத்துக்கு அப்பா கால் ஏக்கர் கொடுத்தார், வாயால். அவர் போன பிறகு அதை எழுத்தில் கொடுக்கலாம் என்று நான் விசாரித்தேன். முடியாது, துண்டாடுவது சட்டத்துக்கு மாறு என்றார்கள். அவர்கள் இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. என் பிள்ளைகளைப் பற்றி உறுதி சொல்ல முடியாது, அவர்கள் கனடாவில்.

காணிக்கந்தோர் எழுதியது:

அதற்கு வழி ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அனுமதி பெற்றுத் துண்டு போட ஆகக் குறைந்த அளவு ஒன்று உண்டு, மேட்டுக்காணிக்கும் வயலுக்கும் வேறு வேறாக. உங்கள் பத்திரத்திலேயே அது எழுதியிருக்கும். பத்திரம் தொலைந்திருந்தால் காணிப் பேரேட்டுப் பிரதியைக் கேளுங்கள், பிரதேச செயலகத்தில் பேரேடு தப்பியிருந்தால் அதில் இருக்கும். அந்த அளவுக்குக் கால் ஏக்கர் பொருந்தினால், பெர்மிட்காரர் நீங்களே எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் விண்ணப்பித்தால் எடுக்கமாட்டார்கள்.

ஹட்டன்பிள்ளைக்கு: அரசாங்கக் காணியில் நெடுங்காலம் குடியிருந்தவர்களை ஒழுங்குபடுத்திப் பெர்மிட் கொடுப்பது இப்போதும் நடக்கிறது. நடமாடும் சேவை வரும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பழைய வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியில் உங்கள் பெயர் வரும் பக்கங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் முகவரி, பள்ளிக்கூடச் சேர்வு இடாப்புப் பிரதி, கிராம அலுவலரின் கடிதம், இவை எல்லாம் வேண்டும். காணியில் உங்கள் தாத்தா வைத்த தென்னையோ மாவோ நின்றால் அதைக் குடியேற்ற உத்தியோகத்தருக்குக் காட்டுங்கள். மரத்தின் வயதை அவர்கள் அறிக்கையில் எழுதுவார்கள், அது சில வேளை கடதாசியை விடப் பேசும். ஆனால் தனியார் பெர்மிட் காணிக்குள் இருந்தால் இந்த வழி சரிவராது, முதலில் அது யாருடைய துண்டு என்று நில அளவைப் படத்தில் பாருங்கள்.

ஹட்டன்பிள்ளை எழுதியது:

தென்னை மூன்று நிற்கிறது, ஒன்று ஷெல்லில் தலை போனது. படத்தின் இலக்கம் எங்கே எடுப்பது? கிராம அலுவலரிடம் இருக்குமா?

காணிக்கந்தோர் எழுதியது:

அவரிடம் இருக்காது. பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில் கேளுங்கள். திங்கள் காலையில் போகாதீர்கள், சனம் கூட. புதன் நல்லது. தலை போன தென்னையையும் கணக்கில் சொல்லுங்கள்.